கட்டிய வீடும் காக்கும் சட்டமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவதன் அருமையை இதனினும் சுருங்கச் சொல்லுதல் இயலாது. ஆயினும் இம்மும்பை மாநகரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நமக்கு, அப்பழமொழியோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றுகின்றது. "கட்டிய வீட்டைக் காத்துப் பார்" என்பதே அது.

பாரம்பரிய வட்டாரம் என்னும் சொல் அண்மைக் காலமாக நம் இல்லங்களில் அடிக்கடி அடிபடுகின்றது. ஒரு தெருவையோ, பல தெருக்கள் கூடிய ஒரு பகுதியையோ, அதன் பழமையும் அழகும் கருதி அரசாங்கம் குறிப்பிட்டு, அங்குள்ள கட்டடங்களை இடிப்பதற்கும் மாற்றுவதற்கும் வரம்பு விதிக்குமாயின், அப்பகுதி பாரம்பரிய வட்டாரம் எனப்படும். பழைய அழகைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இராது. ஆனால் அவ்வழகு ஒருவருடைய வீட்டுச் சுவராகவும் பால்கனியாகவும் மாடிப்படியாகவும் இருக்கும்பொழுது, அதைக் காக்கும் செலவு யாரைச் சேர்ந்தது என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம்மவர் பெருந்தொகையாக வந்து குடியேறிய மாதுங்காவின் வரலாறே போதிய சான்றாகும்.

பிளேக் நோயும் புதிய மனைகளும்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அந்நாளில் பம்பாய் என வழங்கிய இந்நகரின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தோன்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் அது விரைந்து பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினர். வணிகம் நிலைகுலைந்தது. நெருக்கத்தை ஒழித்தாலன்றி நகருக்கு உய்வில்லை என்று கண்ட அரசாங்கம், 1898-இல் தனிச் சட்டம் இயற்றிப் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. நெருக்கமான பகுதிகளை இடித்துப் புதுச் சாலைகள் அமைப்பதும், நகருக்கு வடக்கே புதிய குடியிருப்புகளைத் தோற்றுவிப்பதும் அதன் பணிகளாயின.

தாதர், மாதுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்கள் அக்காலத்தில் வயல்களும் தோப்புகளும் சிற்றூர்களுமாக இருந்தன. டிரஸ்டு அந்நிலங்களைச் சட்டத்தின் துணைகொண்டு கையகப்படுத்தியது. ஈண்டு ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. இன்று நாம் பெருமையோடு சுட்டிக் காட்டும் அகன்ற வீதிகளுக்கும் மரநிழலுக்கும் முதல் விலை கொடுத்தவர்கள், தலைமுறைகளாக அம்மண்ணில் உழைத்துவந்த அந்நில உடைமையாளரும் உழவருமே ஆவர். ஊர் நலத்துக்காகச் சிலருடைய உடைமையின்மேல் சட்டம் கை வைப்பது இவ்வட்டாரத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம்.

கையகப்படுத்திய நிலத்தை டிரஸ்டு மனைகளாகப் பகுத்து, நெடுங்காலக் குத்தகைக்கு விட்டது. குத்தகைப் பத்திரத்தில் நிபந்தனைகள் பல எழுதப்பெற்றன. மனையில் எவ்வளவு பரப்பில் கட்டலாம், எவ்வளவு திறந்த வெளி விடவேண்டும், எத்தனை மாடி எழுப்பலாம் என்பனவெல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டன. டிரஸ்டில் பொறியாளராக இருந்த மஞ்சர்ஜி ஜோஷி என்னும் பார்சிப் பெருமகனார், நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்கென 103 மனைகளை ஒதுக்கச் செய்து தாதர் பார்சி காலனியைத் தோற்றுவித்தார். நாம் மாலையில் உலாவும் ஐந்து தோட்டங்களும் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. இந்து காலனியும் மாதுங்காவும் இவ்வாறே வகுக்கப்பட்ட பகுதிகள்தாம். 1933-இல் டிரஸ்டு நகராட்சியோடு இணைந்தது. மனைகளின் குத்தகை உரிமையும் நகராட்சிக்குச் சென்றது.

ஆகவே, இவ்வட்டாரத்தின் அழகு தானே முளைத்ததன்று, விதிகளால் விளைந்தது. உடைமையாளர் தம் விருப்பம்போல் கட்டியிருந்தால் ஐந்து தோட்டமும் இராது, வீதியோரத்து மரங்களும் இரா. இஃது இப்பொருளின் ஒரு பக்கம். மறு பக்கத்தையும் காண்போம்.

நம்மவர் குடியேற்றம்

1920-ஆம் ஆண்டுகள் முதல் தென்னாட்டிலிருந்து எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் வேலை தேடி வந்த இளைஞர்கள் மாதுங்காவை நாடினர். ரயில் நிலையம் அருகில் இருந்தது. கோட்டைப் பகுதியின் அலுவலகங்களுக்குச் சென்று வருவது எளிதாயிற்று. குடும்பத்துக்கெனத் தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் கொண்ட பிளாட் வீடுகள் இங்கே கிடைத்தன. பொதுக் கழிப்பிடம் உள்ள சாளில் வாழத் தயங்கிய நம் குடும்பங்களுக்கு அவை பெருவரமாகத் தோன்றின. ஆஸ்திக சமாஜமும் பஜனைக் கூடங்களும் உடுப்பி உணவகங்களும் பூக்கடைகளும் தோன்றின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்பெற்றது. மாதுங்காவின் அடுக்குமாடி வாழ்வையும் தென்னிந்தியர் குடியேற்றத்தையும் ஆராய்ந்து நிகில் ராவ் என்னும் வரலாற்றறிஞர் 2013-இல் ஒரு தனி நூலே வெளியிட்டுள்ளார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

ஆனால் நம்மவரில் மிகப் பலர் வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்லர், வாடகைக்கு இருந்தவரே. வீட்டுடையாரும் வாடகைக் குடியினரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினாலும், அவர்தம் நலன்கள் வேறு வேறாக இருந்தன. பின்வந்த சட்டங்களின் விளைவை உணர இவ்வேற்றுமையை மனத்திற்கொள்ள வேண்டும்.

உறைந்துபோன வாடகை

1947-ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-இல் நடைமுறைக்கு வந்தது. 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. போர்க்காலத்திலும் பிரிவினைக் காலத்திலும் வீடற்றுத் தவித்தோருக்கு அச்சட்டம் அரணாயிற்று என்பதில் ஐயமில்லை. நம் குடும்பங்கள் பல அதனால்தான் இந்நகரில் வேரூன்றின. பிள்ளைகளைப் படிக்க வைத்தன. எனினும், அரிசி விலையும் சிமெண்டு விலையும் கொத்தனார் கூலியும் பன்மடங்கு ஏறிய பின்னும் வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மாத வாடகையைக் கொண்டு ஒரு குழாயைக்கூடப் பழுது பார்க்க இயலாத நிலை வீட்டுடையார்க்கு ஏற்பட்டது. அவர் பழுது பார்ப்பதை நிறுத்தினார். கடற்காற்றும் மழையும் தம் வேலையைச் செய்தன. இரும்புக் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்தது. பால்கனிகள் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டன.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பழுது பார்ப்பு வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. தீவு நகரின் பழைய கட்டடங்கள்மீது செஸ் என்னும் வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு வாரியமே அவற்றைச் செப்பனிட வேண்டும் என்பது திட்டம். 19,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன்கீழ் வந்தன. அத்துணைக் கட்டடங்களுக்கும் அந்நிதி போதவில்லை. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாடகையைப் பல்லாண்டுகள் உறையவைத்தல் நியாயமன்று எனத் தீர்ப்பளித்தது. 1999-ஆம் ஆண்டுப் புதிய வாடகைச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்து, ஆண்டுதோறும் நூற்றுக்கு நான்கு வீதம் வாடகையை உயர்த்த இடம் தந்தது. அடித்தொகையே மிகச் சிறிதாதலின் அவ்வுயர்வு வீட்டுடையாருக்குப் பெரிதாக உதவவில்லை.

1995-ஆம் ஆண்டு விதிகள்

இத்தகைய சூழலில்தான் பாரம்பரிய விதிகள் பிறந்தன. கோட்டைப் பகுதியிலும் மலபார் குன்றிலும் பழம்பெருங் கட்டடங்கள் இடிபடுவது கண்டு வருந்திய நகர ஆர்வலர் பலர் இடைவிடாது முயன்றதன் பயனாக, மகாராஷ்டிர அரசு 1995 ஏப்ரலில் அவ்விதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. 1991-ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 67-ஆவது விதியாக அவை அமைந்தன. 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் வட்டாரங்களும் பட்டியலில் இடம்பெற்றன.

கட்டடங்கள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டன. நாட்டளவில் சிறப்புடையவை முதல் தரம். அவற்றில் இன்றியமையாத சிறு மாற்றம் தவிர வேறெதற்கும் இடமில்லை. வட்டார அளவில் சிறப்புடையவை இரண்டாந் தரம். அவற்றின் உட்புறத்தில் ஓரளவு மாற்றம் செய்யலாம். நகரின் தோற்றத்துக்கு அழகு சேர்ப்பவை மூன்றாந் தரம். அவற்றில் மாற்றங்களுக்கு மிகுதியும் இடமுண்டு. வட்டாரம் என்று குறிக்கப்பட்ட பகுதியிலோ, தனியே பட்டியலில் ஏறாத வீடும் அவ்வெல்லைக்குள் இருந்தால் வட்டாரத்துக்குரிய கட்டுப்பாடு அதனையும் சாரும்.

இடிப்பதற்கு மட்டுமன்று, பட்டியலில் உள்ள கட்டடத்துக்கு வண்ணம் பூசவும், பூச்சு வேலை செய்யவும், சிறப்பான ஓர் உறுப்பை மாற்றவும்கூட நகராட்சி ஆணையரின் எழுத்து வடிவ அனுமதி வேண்டும் என்று விதி கூறியது. ஆணையருக்கு அறிவுரை கூறப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது. இவ்விதியில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. குத்தகை மனைகளின் பத்திரங்களில் எழுதப்பட்டிருந்த பழைய நிபந்தனைகளும் தொடர்ந்து செல்லும் என்பதே அது. அதாவது, டிரஸ்டு காலத்துப் பத்திரத்தில் நம் பாட்டனார் கையொப்பமிட்ட கட்டுப்பாடு ஒன்று. அதன்மேல் நகராட்சியின் கட்டட விதி மற்றொன்று. இவ்விரண்டின்மேலும் பாரம்பரிய விதி மூன்றாவது. மூன்று பூட்டுக்கும் சாவி தேடி வீட்டுடையார் அலைய வேண்டியதாயிற்று.

நட்ட ஈட்டுக் கணக்கு

இவ்விதியை இயற்றியோர் உடைமையாளரை அடியோடு மறந்துவிட்டனர் என்று சொல்வது நேர்மையாகாது. கட்ட உரிமை இருந்தும் கட்ட முடியாதவர்க்கு ஈடு செய்ய ஒரு வழி வகுத்தனர். அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒருவருடைய மனை 600 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1991-ஆம் ஆண்டு விதிப்படி தீவு நகரில் தளப்பரப்புக் குறியீடு 1.33 ஆகும். அதாவது, மனைப் பரப்பைப்போல் 1.33 மடங்கு, 798 சதுர மீட்டர், எல்லா மாடிகளிலும் சேர்த்துக் கட்டலாம். அவருடைய பழைய வீடு 500 சதுர மீட்டரே உள்ளது. எஞ்சிய 298 சதுர மீட்டரைக் கட்டுவதற்குப் பாரம்பரிய விதி தடையாக நிற்குமாயின், அவ்வளவு பரப்புக்கும் நகராட்சி அவருக்கு உரிமைச் சான்றிதழ் ஒன்று வழங்கும். மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்பது அதன் பெயர்; டி.டி.ஆர். எனச் சுருக்கமாகச் சொல்வர். அவர் அதனை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்றுப் பணம் பெறலாம். அப்பணத்தைக் கொண்டு பழைய வீட்டைச் செப்பனிடலாம்.

ஏட்டளவில் இது செம்மையான ஏற்பாடே. ஆனால் சான்றிதழ் பெறும் வழி எளிதன்று. அதன் விலையோ அன்றைய சந்தையைப் பொறுத்தது. அன்றியும், செஸ் செலுத்தும் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முன்வருவோர்க்கு, 1.33-ஐவிடப் பெரிதும் மிகுதியான பரப்பை வேறொரு விதி அளித்தது. அவ்விதியின்கீழ் வாடகைக் குடியினர் புதிய கட்டடத்தில் விலையின்றிச் சொந்த வீடே பெறுவர். ஒரு கையால் இடிப்பதற்குப் பரிசளித்து, மறு கையால் இடியாமைக்குச் சிறுதொகை நீட்டினால், மக்கள் எப்பக்கம் சாய்வர் என்பது சொல்லாமலே விளங்கும். செப்பனிடுவோர்க்கு உதவத் தனி நிதி அமைக்கலாம் என்றும் விதியில் ஓர் இடம் உண்டு. அமைக்கலாம் என்பதற்கும் அமைக்க வேண்டும் என்பதற்கும் உள்ள தொலைவு, ஒழுகும் கூரையின்கீழ் அமர்ந்திருப்போர்க்கே தெரியும்.

2012-இல் எழுந்த எதிர்ப்பு

2012-ஆம் ஆண்டில், பட்டியலை விரிவாக்கக் கருதி நகராட்சி புதிய வரைவு ஒன்றை வெளியிட்டது. சிவாஜி பார்க் சுற்றுப்புறமும் தாதர் - மாதுங்கா வட்டாரத்தின் பகுதிகளும் அதில் பேசப்பட்டன. இதனைக் கேட்ட குடியிருப்போர் பலர் மகிழ்ச்சிக்கு மாறாகக் கலக்கமே அடைந்தனர். சிவாஜி பார்க்கில் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. ஆட்சேப மனுக்கள் குவிந்தன.

எதிர்த்தவர்கள் அழகை வெறுத்தவர்கள் அல்லர். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு வாழும் முதியவர், பேரப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்று ஏங்கும் குடும்பம், மழைக்காலம் வந்தாலே விட்டத்தை அண்ணாந்து பார்த்து அஞ்சும் தாய் ஆகியோரே அவர்கள். பல ஆண்டுகளாக வழக்காடி வந்த வீட்டுடையாரும் வாடகைக் குடியினரும் இவ்வொன்றில் ஒரே அணியில் நின்றமை வியப்பிற்குரியது. புதுக் கட்டடம் எழுந்தால் இருவருக்கும் ஆதாயம். வட்டாரம் பாரம்பரியமானால் இருவருக்கும் காத்திருப்பு. ஆதலின் ஒற்றுமை எளிதாயிற்று.

இதே நகரின் மற்றொரு பகுதியில் இதற்கு நேர்மாறான காட்சியைக் காண்கின்றோம். ஓவல் மைதானத்தைச் சுற்றியும் மரீன் டிரைவ் கடற்கரையிலும் உள்ள கட்டடத் தொகுதிகளுக்கு 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சிறப்பை வழங்கியது. அதன்பொருட்டு அங்குள்ள குடியிருப்போர் சங்கங்களே முன்னின்று உழைத்தன. மாதுங்காவில் நாம் காணும் வளைந்த பால்கனிகளும் உதயசூரியன் வடிவமைந்த இரும்புக் கிராதிகளும் அவ்விடத்துக் கட்டடங்களின் உடன்பிறப்புகளே. இரண்டும் 1930, 1940-ஆம் ஆண்டுகளின் கலைப்பாணியைச் சேர்ந்தவை. கட்டடம் ஒன்றுபோல் இருந்தும் மக்கள் மனம் வேறுபட்டமைக்குக் காரணம், பராமரிக்கும் ஆற்றல் ஓரிடத்தில் இருந்ததும் மற்றோரிடத்தில் இல்லாமையுமே என்று கொள்ளலாம்.

கிர்காமில் உள்ள கோட்டாச்சிவாடி நமக்கு வேறொரு பாடம் கற்பிக்கின்றது. மரத் தாழ்வாரமும் வெளிப்புற மாடிப்படியும் கொண்ட அழகிய பழைய வீடுகள் அங்கே அறுபதுக்கு மேல் இருந்தன. 1995-ஆம் ஆண்டுப் பட்டியலில் அவ்வட்டாரம் இடம்பெற்றது. அங்கனமிருந்தும் இன்று அவற்றிற் பாதியளவும் எஞ்சவில்லை. இடையிடையே உயர்ந்த கட்டடங்கள் எழுந்துவிட்டன. மரவேலைக்குரிய செலவும் வாரிசுகளின் பெருக்கமும் வெளிநாட்டு வாழ்வும் ஒன்றுகூடி வீடுகளை விற்கச் செய்தன. பட்டியலில் பெயர் எழுதுவதனால் மட்டும் ஒரு தூணும் நிமிர்ந்து நில்லாது.

உடைமையும் கடமையும்

சொத்துரிமை நம் அரசியல் சட்டத்தில் முதலில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தால் அது அந்நிலையை இழந்து, 300-அ பிரிவின்கீழ் சட்டவழி உரிமையாயிற்று. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறித்தல் கூடாது என்பதே இன்றைய நிலை. மறுபுறம், நம் பண்பாட்டுச் செல்வத்தை மதித்துக் காத்தல் குடிமக்கள் கடமை என 51-அ பிரிவு கூறுகின்றது. கடமை எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. அங்கனமாயின் அதன் செலவையும் எல்லோரும் பகிர்ந்து ஏற்றல் முறையன்றோ? ஐந்து தோட்டத்தின் நிழலில் நகர் முழுவதும் வந்து இளைப்பாறுகின்றது. அதைச் சூழ்ந்த வீடுகளின் அழகை நகர் முழுவதும் கண்டு மகிழ்கின்றது. செப்பனிடும் செலவை மட்டும் அவ்வீட்டார் தனித்துச் சுமக்க வேண்டும் என்பது முறையாகாது.

எனவே, பாரம்பரிய விதி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விதியால் பிறந்த அழகு விதியின்றி நிலையாது என்பதை மாதுங்காவின் வரலாறே காட்டுகின்றது. ஆனால் தடை விதிக்கும் அதே ஆணையில் ஈடும் இடம்பெற வேண்டும். ஈடு காலத்தில் வந்து சேர வேண்டும். வண்ணம் பூசுவதற்கும் குழாய் மாற்றுவதற்கும் விரைந்து அனுமதி கிடைக்க வேண்டும். முதியோர் ஏறி இறங்க, கட்டடத்தின் முகப்பைக் கெடுக்காமல் பின்புறத்தே மின்தூக்கி அமைக்க இடந்தருதல் வேண்டும். 2018-இல் நடைமுறைக்கு வந்த புதிய வளர்ச்சி விதிகளிலும் பாரம்பரியப் பகுதி தொடர்ந்து இடம்பெற்றுள்ளது. ஆதலின் இவ்வேண்டுகோள் பழங்கதை அன்று, நாளைக்கும் உரியது.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டுவனவும் சில உண்டு. குத்தகைப் பத்திரத்தையும் பழைய கட்டட வரைபடத்தையும் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். வீடு வாங்குமுன், அக்கட்டடம் பட்டியலில் உள்ளதா, வட்டார எல்லைக்குள் அமைந்ததா என்று நகராட்சியில் கேட்டறிய வேண்டும். வரைவுப் பட்டியல் வெளிவரும்பொழுது, குறித்த காலத்துக்குள் ஆதரவையோ ஆட்சேபத்தையோ எழுத்தில் அளிக்க வேண்டும். காலங் கடந்தபின் வருந்திப் பயனில்லை. நம் சங்கமும் பழைய வீடுகளின் நிழற்படங்களையும் பத்திரங்களின் படிகளையும் திரட்டி ஒரு தொகுப்பாக வைத்தல் நன்று. இடிபடும் வீட்டின் நினைவாவது அதில் எஞ்சும். இடிபடாத வீட்டுக்கு அதுவே சான்றாகும்.

மாதுங்காவில் பிறந்து வளர்ந்த நம்மவர் பலர் இன்று செம்பூரிலும் முலுந்திலும் டோம்பிவிலியிலும் நவி மும்பையிலும் பரவி வாழ்கின்றனர். ஆயினும் கல்யாணத்துக்குப் பூவும் தாலிச் சரடும் வாங்கவும், வாழையிலைச் சாப்பாட்டுக்கும், கோயில் உற்சவத்துக்கும் அவர்கள் மாதுங்காவையே நாடி வருகின்றனர். வரும்போதெல்லாம் தாங்கள் பிறந்த வீட்டின் முன் ஒரு கணம் நின்று மேலே நோக்குகின்றனர். அவ்வீடு நிற்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதற்குள் வாழ்பவர் அச்சமின்றி உறங்க வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பமே. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் சட்டமே நல்ல சட்டம். அத்தகைய சட்டம் அமைய நாமும் நம் குரலைச் சேர்ப்போமாக.